தண்ணீர் நிற்காத எருக்கிடங்கு

நீங்கள் இருவரும் பண்ணையில் சேர்ந்த முதற்கிழமையே என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். மாட்டுக் கொட்டிலுக்கு மேற்கே மேடான, உலர்ந்த, கால் வழுக்காத நல்ல நிலம் இருக்கிறது. அதில் சில வாழைகளை மட்டும் நட்டுவிட்டுச் சும்மா விட்டிருக்கிறோம். எருவை மட்டும் பின்பக்கத்துச் சேற்றுப் பள்ளத்தின் கரையில், மாரியில் உழவு இயந்திரமே புதைகிற இடத்தில் குவித்து வைத்திருக்கிறோம். இந்த இடத்தை யார் தெரிவு செய்தது என்று கேட்டீர்கள். பிறகு சொல்கிறேன் என்றேன். அடுத்த மாதம் நான் வன்னிப் பக்கத்துப் பண்ணைக்கு மாறிப் போகிறேன். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

இடத்தைத் தெரிவு செய்தது நான்தான். ஆனால் அது நடந்த விதம் நான் வகுப்பில் படித்த விதம் அல்ல.

நான் இங்கே வந்த காலத்தில் எருக்கிடங்கு மேற்கு மேட்டில் இருந்தது. காலையில் கொட்டிலைக் கூட்டி அள்ளும் சாணகமும், மாடு தின்று கழித்த புல்லும், கழுவிய தண்ணீரும் அங்கே போகும். பனைகளுக்கு மேலால் வெயில் வரும்போது குவியலிலிருந்து ஆவி எழும். கொக்குகள் அந்த ஆவிக்குள் நின்று புழுப் பொறுக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பெரிய மிருகம் படுத்து மூச்சு விடுவது போல இருக்கும். நான் வேலைக்கு வந்ததும் முதலில் அங்கேதான் போவேன். முழங்கை வரை கையை விட்டுச் சூடு பார்ப்பேன். எங்களுடைய தொழிலில் எனக்கு மிகப் பிடித்த கணம் அதுதான். வெளியில் குளிர்ந்த காற்று, உள்ளே காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி போன்ற சூடு.

அந்தக் கிடங்கில் எல்லோருக்கும் ஒரு பெருமை இருந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே தண்ணீர் நிற்காது. மற்றப் பண்ணைகளில் மாரியில் எருக்கிடங்குக்குப் போவதென்றால் முழங்கால் சேற்றில் இறங்க வேண்டும். எங்களுடையதில் செருப்போடு நடக்கலாம். பார்க்க வந்தவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப் போவோம். அவர்களும் தலையாட்டிப் பாராட்டுவார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் மண்ணை நீங்கள் இப்போதுதான் தொடத் தொடங்கியிருக்கிறீர்கள். சிவப்பு, அழகு, ஆனால் ஆழமில்லை. சில இடங்களில் இரும்பு அலவாங்கை ஓங்கிக் குத்தினால் கல்லில் பட்டுப் பொறி பறக்கும். கல் என்றாலும் இறுகிய கல் அல்ல. சுண்ணாம்புக்கல், உள்ளுக்குள் கடற்பஞ்சு போலத் துளைகளும் வெடிப்புகளும். ஆறு ஓடாத இந்த ஊரில் எல்லோருடைய தண்ணீரும் அந்தத் துளைகளுக்குள்தான் கிடக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிணற்றுக்கட்டில் சாய்ந்திருக்கும்போது நான் அதை நினைப்பதுண்டு. எங்கள் காலுக்குக் கீழே இன்னோர் ஊர். வேலி இல்லாத, வளவு இல்லாத, குறுகிய ஒழுங்கைகள் மட்டும் நிறைந்த ஊர். அதற்குள் தண்ணீர் ஒரு வீட்டுக் கிணற்றிலிருந்து மற்ற வீட்டுக் கிணற்றுக்கு அவசரமில்லாமல் நடந்து போகிறது.

மேற்கு மேட்டுக்கு அப்பால் தேவி அன்ரியின் வளவு. எல்லை வேலிக்கு மறுபக்கத்தில், கூப்பிடு தூரத்தில் அவருடைய கிணறு. அந்தப் புரட்டாதியில் அவருடைய மகள் சுகி தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பெண்குழந்தை பிறந்தது. சுகிக்குப் பால் போதவில்லை. பால்மா கரைத்துப் போத்தலில் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு காலையில் அன்ரி ஒரு போத்தலில் தண்ணீரோடு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, நீ உதுகளெல்லாம் படிச்சனிதானே. போத்தில்பால் குடுக்கிறதெண்டால் தண்ணியை ஒருக்காப் பாத்திட்டுக் குடுக்கச் சொல்லி மிஸ்ஸி சொன்னவ. இதைப் பார்."

மிஸ்ஸி என்றது அந்தப் பகுதிக் குடும்பநல மாதுவை. என்னிடம், தண்ணீரில் நைத்திரேற்று என்ற உப்பு கூடக்கூடச் சிவக்கும் தாள்கள் இருந்தன. ஒன்றை நனைத்துவிட்டு நானும் அன்ரியும் பார்த்துக்கொண்டு நின்றோம். தாளின் நுனி முதலில் வெள்ளை, பிறகு ரோசா, பிறகு செவ்வரத்தம்பூவின் சிவப்பு. அது ஓரிடத்தில் நிற்கும் என்று நான் காத்திருந்தேன். நிற்கவில்லை.

கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீர் கூடாது என்றேன். குழந்தையின் இரத்தம் மூச்சைச் சுமந்து செல்வதை இது தடுக்கும், உடம்பு நீலம் பாரிக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"நான் நல்லாக் கொதிக்க வைச்சு ஆறவிட்டுத்தானே குடுக்கிறன்."

"கொதிக்க வைச்சால் கிருமி சாகும் அன்ரி. இது கிருமி இல்லை. தண்ணி வத்த வத்த இது இன்னும் கூடும்."

கவனமாகச் செய்ததுதான் பிழையாகப் போனது என்பது அவருக்கு விளங்கிய கணத்தை அவருடைய முகத்தில் கண்டேன்.

"எங்கையிருந்து வருது உது?"

அவருடைய தோளுக்கு மேலால் எங்கள் குவியல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. முதலில் எங்கள் கிணற்றிலும் பார்க்க வேண்டும் என்றேன். வாசிகசாலைக்கு முன்னால் உள்ள குழாய்த் தண்ணீர் சோதித்தது, குழந்தைக்கு இன்றிலிருந்து அதைத்தான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். அன்று மத்தியானமே அவர் ஒரு நீலத் தண்ணீர்க் கானைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போவதைக் கண்டேன்.

இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாளை மட்டும் நம்பி நான் இருக்கவில்லை. தண்ணீரை ஆய்வுகூடத்துக்கும் அனுப்பினேன். ஆனால் ஆய்வுகூடத்தின் பதில் வரும்வரை ஒரு குழந்தையின் போத்தலைக் காக்க வைக்கக் கூடாது. பதில் வந்தபோது அதுவும் தாள் சொன்னதையே சொன்னது. குழந்தைக்கு நல்லகாலம், ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் கிணறு கொட்டிலுக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கே தாள் வெளிறியே இருந்தது. அதோடுதான் பண்ணைப் பொறுப்பாளரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், எதையும் பகிடியாகத்தான் தொடங்குவார். எனக்கு எதற்கும் பட்டியல் போடுகிற பழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அன்றும் விரலை மடித்தபடிதான் போனேன்.

"சொல்லும், இண்டைக்கு உம்மடை லிஸ்றிலை என்ன?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஊர் முழுக்கத் தோட்டங்களுக்கு யூரியா போடுகிறார்கள், இந்தத் தாளை எந்தக் கிணற்றில் வைத்தாலும் சிவக்கும் என்றார். அதில் உண்மையும் இருந்தது. எங்களுடைய கிணற்றில் வைத்தேன், சிவக்கவில்லை என்றேன். அவர் மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி பூட்டினார்.

"சரி. மழைக்கு இன்னும் கொஞ்சம் நாள் கிடக்கு. உது முழுக்கப் புல்லுக்கு அள்ளிப் போட்டிடுவம். மழையோடை மண்ணுக்கை இறங்கீடும்."

"மண்ணுக்கை இறங்காது. மண்ணைத் தாண்டி இறங்கும்."

"அப்ப ஆகாசத்திலையோ தூக்கி வைக்கப் போறீர்?"

கோடை முழுக்கச் சேர்த்த எரு அது. ஒரு சாண் மண்ணில் அவ்வளவையும் ஒரே தடவையில் கொட்டினால், புல் தின்றது போக மிச்சமெல்லாம் முதல் மழையோடு அதே கிணற்றுக்குத்தான் போகும். குவியல் இருந்த இடத்திலேயே இருந்தாலும் அதுவேதான். எருவை இடம் மாற்றினால் போதாது. தண்ணீரை விடாத நிலம் வேண்டும்.

அன்று பின்னேரம் பண்ணையை ஒருதரம் சுற்றி வந்தேன். நிலம் முழுக்கக் காய்ந்து கிடந்தது. எங்கே தண்ணீர் நிற்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே போன மாரியை நினைத்துக்கொண்டு நடந்தேன். கண்ணைப் பாதி மூடினால் அது திரும்ப வந்தது. கொட்டில் தகரத்தில் மழை, நனைந்த மாடுகளின் மணம், எங்கிருந்தோ தவளைச் சத்தம். அந்தத் தவளைகள் எந்தப் பக்கம் கத்தின? என் சப்பாத்து எங்கே கழன்று சேற்றோடு நின்றது? கால்கள் என்னைப் பின்பக்கத்துப் பள்ளத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தின. பண்ணையில் எல்லோரும் திட்டுகிற இடம். கோடையில் அதன் அடி வெடித்து ஓடு ஓடாகப் பெயர்ந்து கிடந்தது. ஒரு துண்டை எடுத்து எச்சிலில் நனைத்து உருட்டினேன். நல்ல களிமண். விரலில் ஒட்டிக்கொண்டது.

உழவு இயந்திரம் ஓட்டுகிற செல்வன் அங்கே வந்தான். எருவை இதன் கரையில் வைக்கப் போகிறோம் என்றேன்.

"உதிலையோ? போன மாரியிலை என்ரை மிசின் உதுக்கை இறங்கிக் குளிச்சது மறந்துபோச்சோ அக்கா?"

"அதாலைதான்."

அவன் பொறுப்பாளரைத் தேடிப் போய், அக்காவுக்கு வெயில் பட்டுவிட்டது என்று சொன்னதாகப் பிறகு அறிந்தேன்.

பொறுப்பாளர் வந்தார். நான் வாதாடவில்லை. மேற்கு மேட்டில், குவியலின் ஓரத்தில் சின்னக் குழி ஒன்று வெட்டி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். வாளியைக் கீழே வைத்து நிமிர முன்னம் தண்ணீர் போய்விட்டது. பள்ளத்தின் கரையிலும் அதே அளவு குழி, அதே வாளி. அங்கே தண்ணீர் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம். அப்போதும் கிடந்தது. அவர் வாளியை என் கையிலிருந்து வாங்கி, மேற்கு மேட்டுக்குத் திரும்பிப் போய், தன் கையால் இன்னொரு வாளி ஊற்றிப் பார்த்தார். பிறகு செல்வனிடம், எரு ஏற்ற இயந்திரத்தில் பெட்டியைக் கொழுவச் சொன்னார்.

பள்ளத்துக்குள் அல்ல, கரையில்தான் வைத்தோம். எருவுக்குள்ளும் காற்றுப் போக வேண்டும். களியை வெட்டி இடித்து மேடை போட்டு, அதன்மேல் தேங்காய்ப் பொச்சுமட்டை பரப்பி, சாணகத்துக்கு இடையிடையே வைக்கோலும் பூவரசங்குழையும் அடுக்கிக்கொண்டு போனோம். கொட்டில் கழுவிய தண்ணீர் மேற்கே போகாமல் வாய்க்காலைத் திருப்பினோம். பழைய குவியலின் கடைசி அடுக்கை அள்ளிய அன்றுதான் அதைக் கண்டோம்.

குவியலுக்கு நடுவே, கல்லில் ஒரு வெடிப்பு. கை நுழையும் அகலம். அதன் உதடுகள் கறுத்து வழவழத்திருந்தன. குனிந்தால் உள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. செல்வன் ஒரு சிறு கல்லை உள்ளே விட்டான். அது தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு இறங்கியது. கடைசிச் சத்தத்துக்குப் பிறகும் நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டே நின்றோம். அவ்வளவு மென்மையான, தூக்கத்தில் கேட்பது போன்ற சத்தம் அது. நான் கிணற்றுக்கட்டில் சாய்ந்து நினைத்த ஊரின் வாசல் எங்கள் எருவுக்குக் கீழேயே திறந்து கிடந்திருக்கிறது.

வேலிப் பொட்டின் இடைவெளியால் தேவி அன்ரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதுக்குள்ளாலையோ எங்கடை வீட்டுக்கு வந்தது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. யாரோ அறியாத விருந்தாளியைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்.

அந்த வெடிப்பைக் களியால் அடைத்து இறுக்கி, மேலே சீமெந்து போட்டோம்.

இனி மழை. புதிய குவியலை மூடாவிட்டால் செய்ததெல்லாம் கரைந்து ஓடும். எங்களிடம் இருந்த இரண்டு தறப்பாள்கள் குவியலின் பாதியைத்தான் மூடின. மிச்சத்துக்கு வாங்க ஆள் அனுப்புமுன்னம் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. காற்று நின்று, மாடுகள் எல்லாம் ஒரே திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அந்த அமைதி உங்களுக்கும் தெரியும்.

எல்லை வேலியைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வேலியை அடைப்பது தேவி அன்ரியின் முறை. மகள் பிள்ளைப்பேற்றுக்கு வரப்போகிற வீடு, கிணற்றடியில் குளிக்க மறைவு வேண்டும் என்று அந்த ஆவணியில்தான் தென்னோலையில் பின்னிய புதுக் கிடுகு வாங்கி அடைத்திருந்தார். அடைத்தபோது, வேலியைத் தாங்கும் உயிர்மரக் கதிகால்களை எங்கள் பக்கம் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்று பொறுப்பாளருக்கு ஒரு மனத்தாங்கல். தள்ளவில்லை என்று அன்ரிக்கு ஒரு மனத்தாங்கல். அன்றிலிருந்து இருவருக்கும் கதை இல்லை. தண்ணீர் விஷயத்தில்கூட இரண்டு பக்கத்துச் செய்தியையும் நான்தான் சுமந்தேன்.

அன்று அன்ரி கையில் குழந்தையோடு வேலியடியில் நின்றார். வானத்தைப் பார்த்தார், மூடாத பாதியைப் பார்த்தார். குழந்தையை உள்ளே சுகியிடம் கொடுத்துவிட்டுக் கத்தியோடு வந்து, வேலிக் கிடுகின் கட்டுகளை அறுக்கத் தொடங்கினார்.

பொறுப்பாளர் அவருடன் நேராகக் கதைத்தது அப்போதுதான். "அக்கா, உது இப்பதானே அடைச்சது."

"ஓம். அடைச்ச எனக்குத் தெரியாதோ. வந்து பிடியுங்கோ."

அவர் பிடித்தார். நாங்கள் எல்லோரும் போனோம். பாதி வேலி அவிழ்ந்தபோது அன்ரி திரும்பிப் பார்த்து, "கதிகாலை ஒருத்தரும் தொடாதேங்கோ. அது என்ரை எல்லையிலைதான் நிக்குது" என்றார். பொறுப்பாளர் வாயைத் திறந்தார். முதல் துளி அவருடைய மூக்கில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு கிடுகைத் தூக்கினார்.

கூரை வேய்வது போல, கீழிருந்து மேலாக ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி மூடினோம். நனைந்துகொண்டுதான் முடித்தோம். கிடுகில் மழை விழும் சத்தம் தறப்பாளில் விழுவது போல அல்ல. யாரோ பக்கத்தில் இருந்து மெல்லக் கதைப்பது போல இருக்கும். களியின் மேல் தண்ணீர் நிற்கத் தொடங்கியது. சேறும் சகதியுமாக நிற்கிற தண்ணீரைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது எனக்கு அன்றுதான். பின்னேரம் தவளைகள் தொடங்கின.

அந்த மாரி முழுவதும் இரண்டு வளவுக்கும் நடுவே கதிகால்கள் மட்டுமே நின்றன. எனக்கு இப்போதும் அந்த மாரி ஒரு கனவு போலத்தான் நினைவில் இருக்கிறது. மழை விட்ட நேரங்களில் குழந்தையின் துணிகள் கொடியில் ஆடும். மாடுகள் கழுத்தை நீட்டி அவற்றைப் பார்க்கும். கிணற்றடியில் ஆள் தெரிந்தால் எங்கள் ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார்கள். செல்வன் ஒருமுறை அப்படி நடந்து வைக்கோல் போரில் மோதினான். காற்று அடித்துக் கிடுகு கிளம்பினால் எங்களுக்கு முன்னம் அன்ரி கண்டுவிடுவார். "மூலை பறக்குது" என்று அங்கிருந்து குரல் வரும். எங்களுடைய எருவுக்கு அவரே காவல்.

இந்த இடத்தில் கதையை முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் தை பிறந்ததும் அன்ரியின் கிணற்றில் மறுபடி தாளை நனைத்தேன். முன்பைவிடக் கடுமையாகச் சிவந்தது.

அன்ரி தாளைப் பார்த்தார், வேலி இல்லாத வெளியைப் பார்த்தார்.

"நீ சொன்னதெல்லாம் செய்தனாங்கள் பிள்ளை."

"ஓம் அன்ரி. கல்லுக்குள்ளை தங்கின பழசை மழை கழுவிக்கொண்டு வருது. எப்ப முடியும் எண்டு எனக்குத் தெரியாது."

நீங்கள் இருவரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்குமென்றால் அந்தக் கடைசி வசனமாக இருக்கட்டும். கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று ஒரு பொய்யை அவரிடம் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அது இதமாக இருந்திருக்கும். அவர் அந்தக் கானைச் சுமப்பதை நிறுத்தியிருப்பார். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நீலக் கான் பின்னால் ஆடிக்கொண்டு போனது.

மண்ணின் வேலை அந்தத் தையில்தான் தொடங்கியது. குவியல் பழுத்துக் கறுத்து, கையில் எடுத்தால் மழைக்குப் பிந்திய காட்டின் மணம் வந்தது. அதை ஒரே தடவையில் கொட்டவில்லை. புல்லை வெட்ட வெட்ட, வெட்டிய பகுதிக்குக் கடகம் கடகமாக, பசித்தவனுக்குச் சோறு போடுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். உக்கிய கிடுகையும் மண்ணுக்குள் தாட்டோம். முதலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் நடக்கும்போது கால் மெத்தென்று இறங்கியது. குனிந்து பார்த்தால் மண்புழு எச்சங்கள், சின்னச் சின்னக் கோபுரங்களாக. முன்பு பொறி பறந்த இடங்களில் அலவாங்கு சத்தமில்லாமல் உள்ளே போனது. அடுத்த மாரியில் மழை அந்த மண்ணில் விழுந்து ஓடவும் இல்லை, மறையவும் இல்லை. ஈரமாகத் தங்கியது. புல் அதைத் தன் நேரத்துக்கு எடுத்துக் குடித்தது. நான் பண்ணை முழுக்கத் தேடிய தண்ணீரை விடாத நிலத்தை எருவே கடைசியில் செய்து தந்தது.

மேற்கு மேட்டில் வாழைகளை நட்டது பொறுப்பாளர். பழைய எருவின் மிச்சம் கல்லுக்குப் போகுமுன் அவை உறிஞ்சட்டும் என்றார். வாழைக்குப் பெயர்பெற்ற நீர்வேலியிலிருந்து குட்டிகள் எடுத்து வந்தார். அதில் முதல் குலையை வெட்டி வேலிக்கு அப்பால் அனுப்பினார். வேலியை அந்தக் கோடையில் அன்ரி மறுபடி அடைத்தார். கிடுகு எங்கள் செலவு. கதிகால்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அந்த ஒரு சாணைப் பற்றி இன்றுவரை இருவரும் ஒத்துப்போகவில்லை, ஆனால் அதைப் பற்றித் தினமும் கதைக்கிறார்கள்.

நான் ஒவ்வொரு பருவத்திலும் தாளை நனைத்தேன். சிவப்பு மெல்ல ரோசாவாகி, ரோசா மெல்ல வெளுத்தது. ஆய்வுகூடத்துப் பதிலும் ஒருநாள் குடிக்கலாம் என்று வந்தது. அதைக் கொண்டுபோய்ச் சொன்னபோது அன்ரி, அடுப்பில் ஏதோ எரிகிறது என்று உள்ளே போய்விட்டார். என்னை நம்பினாரா என்று தெரியாமல் திரும்பி வந்தேன். முதல் தடவை நான் சொன்னதெல்லாம் செய்த பிறகும் கிணற்றில் சிவப்பு கூடித்தானே காட்டியது. அவர் நம்பாவிட்டாலும் குறை சொல்ல முடியாது.

போன கிழமை, உங்களுக்கு வாய்க்காலைக் காட்டிவிட்டுத் தனியே மேற்கு மேட்டுப் பக்கமாக வந்தேன். வேலிக்கு அப்பால் கிணற்றடியில் சத்தம் கேட்டது. பொட்டுக்குள்ளால் பார்த்தேன். இப்போது ஓடித்திரிகிற சுகியின் பெண்பிள்ளை வாளிக்குள் இரண்டு கையையும் விட்டு, அள்ளி அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். பாதி கழுத்தால் வழிந்தது. அன்ரி பக்கத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு, அவளைத் திரும்பியும் பார்க்காமல் இருந்தார்.

நீலக் கான் எனக்கு நேரே, கதிகால் ஒன்றின் நுனியில் கவிழ்த்துக் கொழுவியிருந்தது. அதன் கைப்பிடிக்கும் கதிகாலுக்கும் இடையே சிலந்தி ஒன்று வலை பின்னி முடித்து, நடுவில் இருந்தது.